படகு இன்ஜினுக்குக் கணினிக் கண்காணிப்பு: வாசகர் கேள்வி–பதில்

கடலில்லாத மதுரையிலிருந்து படகு இன்ஜினைப் பற்றி இத்தனை கடிதங்களா என்று புதிய வாசகர்கள் வியக்கலாம். மண்டபத்திலும் தொண்டியிலும் உறவு வைத்திருப்பவர்களும், படகில் பணம் போட்டிருப்பவர்களும், டீசல் இன்ஜினைப் பிரித்துச் சேர்த்துப் பிழைப்பவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். சென்ற இதழில் கணினித் திரையுடன் வரும் படகு இன்ஜின்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளுக்கே இந்த இதழின் இடம் முழுவதும் போய்விட்டது.

கேள்வி: என் மாமனார் குடும்பத்துக்கு மண்டபத்தில் ஒரு விசைப்படகு இருக்கிறது. இன்ஜின் தேய்ந்துவிட்டதால் அடுத்த மீன்பிடித் தடைக்காலத்தில் புதிது மாற்ற எண்ணியிருக்கிறோம். விற்பனையாளர், கணினியால் இயங்கும் இன்ஜினையும் அதனோடு வரும் கண்காணிப்புத் திரையையும் பரிந்துரைக்கிறார். "நடுக்கடலில் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் யார் வந்து எழுப்புவது?" என்று மாமனார் மறுக்கிறார். மைத்துனரோ புதியதுதான் வேண்டும் என்று நிற்கிறார். பாதிப் பணம் என்னுடையது என்பதால் இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். யார் பக்கம் நியாயம்?
— வாசகர், திருமங்கலம்

பதில்: உங்கள் மாமனாரும் மைத்துனரும் இரண்டு வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஜினைக் கவனித்துச் சொல்லும் கணினி ஒன்று; இன்ஜினை ஓட்டும் கணினி மற்றொன்று. விற்பனையாளர் இரண்டையும் சேர்த்தே காட்டுவதால்தான் இந்தக் குழப்பம்.

முதல் வகையில், டீசலைத் தள்ளுவது பழையபடி இன்ஜினோடு சுழலும் மெக்கானிக்கல் பம்ப்தான். ஆயில் பிரஷர், குளிர்நீரின் வெப்பம், சுற்றுவேகம், பேட்டரியின் மின்னழுத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சென்சார்களைப் பொருத்தி, அவை தரும் அளவுகளை ஓட்டுநர் அறையில் உள்ள திரைக்குக் கொண்டுவருவார்கள்; திரை அணைந்துபோனாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். காமன் ரெயில் எனப்படும் இரண்டாவது வகையில், எந்தச் சிலிண்டருக்கு எந்த நொடியில் எவ்வளவு டீசல் என்பதைக் கணினியே முடிவுசெய்து, ஆயிரம் பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கும் டீசலை, சிலிண்டருக்குள் பீய்ச்சும் மின்சார இன்ஜெக்டர்கள் வழியே விடுகிறது. அந்தக் கணினிக்கு மின்சாரம் நின்றால் இன்ஜினும் நிற்கும். மாமனாரின் அச்சம் இரண்டாவது வகைக்கு முழுக்கப் பொருந்தும். மைத்துனர் ஆசைப்படும் வசதிகளில் பெரும்பகுதி முதல் வகையிலேயே கிடைத்துவிடும்.

கண்காணிப்பினால் வரும் பெரிய நன்மை அலாரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில், அது சேர்த்துவைக்கும் பழைய கணக்கே அதைவிடப் பெரிய நன்மை. கேஜின் முள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்குவதை எந்த ஓட்டுநராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. நிமிடத்துக்கு அதே 1,500 சுற்றில், அதே 80 டிகிரி வெப்பத்தில், தை மாதம் 4 பார் காட்டிய ஆயில் பிரஷர் பங்குனியில் 3.2 பாருக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடிக்கும் அளவுக்கு அது இன்னும் இறங்கவில்லை. ஆனால் பேரிங் தேய்கிறதா, ஆயிலில் டீசல் கலக்கிறதா, ஆயில் பம்ப் தளர்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்பதால், அந்த நாட்களில் எதைப் பிரிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவுசெய்யலாம்; நன்றாக ஓடும் இன்ஜினைப் பழக்கதோஷத்தால் பிரித்துக் கெடுப்பதும் குறையும். புகைப்போக்கியிலும் ஒரு வெப்பச் சென்சார் வைத்தால் இன்னொரு பயன் உண்டு. படகைத் தள்ளும் விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொண்டாலோ, படகின் அடியில் சிப்பி பிடித்துப்போனாலோ, அதே சுற்றுவேகத்துக்கு இன்ஜின் கூடுதல் பாரம் இழுக்கும். அப்போது ஏறும் புகை வெப்பம், கரும்புகை கண்ணில் படுவதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும்.

இனி தீமைகள். திரை காட்டுவது சென்சார் இருக்கும் இடத்தின் நிலையையே அன்றி இன்ஜினின் நிலையை அன்று. குழாய் வெடித்துக் குளிர்நீர் முழுவதும் வெளியேறிவிட்டால், வெப்பச் சென்சாரின் முனை நீரில் நனையாமல் ஆவியிலும் காற்றிலும் நிற்கும். சிலிண்டர் ஹெட் வெந்துகொண்டிருக்கும்போதே திரையில் வெப்பம் இறங்குவதுபோலத் தோன்றலாம். படகில் பலகாலம் பழகியவர், இன்ஜின் அறையிலிருந்து வரும் வாடையிலும் ஓசையிலும் இதைப் பிடித்துவிடுவார். திரையில் தெரியும் எண்களை மட்டும் நம்பிப் பழகிய இளைஞர் கோட்டைவிட்டுவிடுவார். ஆகவே கண்காணிப்பு வாங்குவதானால் குளிர்நீர் மட்டத்துக்கும் ஒரு சென்சார் கேளுங்கள். கடல்நீரைப் புகைப்போக்கிக் குழாயில் கலந்து வெளியேற்றும் அமைப்பாக இருந்தால், அந்தக் குழாயில் ஒரு வெப்ப அலாரமும் இருக்க வேண்டும். கடல்நீர்ப் பம்பில் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கிழிந்த செய்தி குளிர்நீர்ச் சென்சாருக்கு எட்டுவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது வகையில் வேறொரு ஆபத்தும் உள்ளது. வெப்பம் கூடினாலோ ஆயில் பிரஷர் இறங்கினாலோ இன்ஜினைக் காப்பதற்காகக் கணினி தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்படி பல இன்ஜின்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. இன்ஜினின் நோக்கில் அது சரி. ஆனால் பாம்பன் பாலத்தின் கீழே நீரோட்டத்தை எதிர்த்துக்கொண்டு, இருபுறமும் தூணும் பாறையுமாக இருக்கும் வாய்க்காலில் படகு போகும்போது, சென்சார் வயர் ஒன்று அறுந்ததற்காக வேகம் பாதியாகக் குறைந்தால் இன்ஜின் பிழைக்கும். படகு பிழைக்குமா என்பது வேறு கேள்வி. சில கடல் இன்ஜின்களில் இந்தக் காப்பைச் சிறிது நேரம் தள்ளிவைக்கும் சுவிட்ச் உண்டு. அந்தச் சுவிட்ச் இருக்கிறதா, இருந்தால் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பழுது பார்ப்பதும் கவனிக்க வேண்டிய செய்திதான். மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தால், சரிபார்க்கத் தெரிந்த கைகள் இங்கே உண்டு. கணினி இன்ஜினைத் திறந்து பார்க்க, பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் மென்பொருள் உள்ள மடிக்கணினி வேண்டும். அதை வைத்திருக்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார், அதுவரை படகு கட்டிக்கிடந்தால் என்ன நட்டம் என்பதையும் விலையோடு கூட்டிப்பாருங்கள். கணினி இன்ஜினுக்கு இருக்கும் சிறப்புகளையும் மறைக்கக்கூடாது: புகை குறைவு, சத்தம் குறைவு, காலையில் ஒரே சுற்றில் கிளம்பிவிடும். ஆனால் டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் அது பழைய இன்ஜினைப்போலப் பொறுத்துக்கொள்ளாது. அதன் இன்ஜெக்டர்கள் விலையும் அதிகம்.

என்னைக் கேட்டால், மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜினை வாங்கி, அதன்மேல் தனியான கண்காணிப்பைப் பொருத்துங்கள் என்பேன். அதற்குப் பிறகும் ஆயில் பிரஷருக்கும் வெப்பத்துக்கும் மின்சாரமே வேண்டாத பழைய கேஜ்கள் இரண்டை இன்ஜின் அருகில் விட்டுவையுங்கள். மைத்துனர் பிடிவாதமாகக் கணினி இன்ஜினே வேண்டும் என்றால், கணினிக்கெனத் தனி பேட்டரியும், தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிகளில் ஒன்றுக்கு இரண்டும் இல்லாமல் படகை இறக்க விடாதீர்கள்.

கேள்வி: நான் பணம் போட்டிருக்கும் படகில், எவ்வளவு டீசல் எரிகிறது என்று காட்டும் கருவி பொருத்தியிருக்கிறோம். திரை காட்டுவதைவிடக் கூடுதலாக டீசல் பிடித்ததாக ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் கணக்கு சொல்கிறார். இயந்திரம் பொய் சொல்லாது அல்லவா?
— வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: இயந்திரம் பொய் சொல்லாது, தவறாகச் சொல்லும். ஓட்டுநர்மீது பழியைப் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

டீசல் இன்ஜினின் பம்ப், எரிக்கத் தேவையான அளவைவிட அதிகமான டீசலை இழுத்து, மிச்சத்தைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்பிவிடும். ஆகவே போகும் குழாயில் ஒன்றும் திரும்பும் குழாயில் ஒன்றுமாக இரண்டு மீட்டர்களை வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துத்தான் எரிந்த அளவைக் கருவி சொல்கிறது. மணிக்கு 100 லிட்டர் போய் 80 லிட்டர் திரும்புவதாகக் கொள்வோம். எரிந்தது 20 லிட்டர். ஒவ்வொரு மீட்டரிலும் 2 சதவீதப் பிழை இருந்தாலே ஒன்றில் 2 லிட்டரும் மற்றொன்றில் 1.6 லிட்டரும் பிசகலாம். இரண்டும் எதிரெதிராகப் பிசகினால் 20 லிட்டரில் 3.6 லிட்டர், அதாவது 18 சதவீதம் தவறாகிவிடும். மீட்டர் வாங்கும்போது "2 சதவீதப் பிழைதான்" என்று விற்பவர் சொல்வது பொய்யன்று. கழித்தலில்தான் அது பெருகுகிறது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இன்ஜினைச் சுற்றித் திரும்பும் டீசல் சூடாக இருக்கும். 30 டிகிரி கூடுதல் சூட்டில் டீசலின் கனஅளவு ஏறத்தாழ இரண்டரை சதவீதம் விரியும். அப்படியானால் 80 லிட்டர் திரும்பும்போது மீட்டர் 82 என்று எண்ணும். எரிந்தது 20 லிட்டராக இருக்கத் திரை 18 என்று காட்டும். வெப்பத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்ளும் கருவியாக இல்லாவிட்டால், பிழை எப்போதும் ஒரே பக்கமாக, திரை குறைத்துக் காட்டும் பக்கமாகவே சாயும். உங்கள் ஓட்டுநர் சொல்லும் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

கடலுக்குப் போகுமுன் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, திரும்பி வந்ததும் அதே இடத்தில், அதே மட்டத்துக்கு மறுபடி நிரப்பிப் பிடித்த லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சில பயணங்களுக்கு இப்படிச் செய்தால், திரையின் எண்ணுக்கும் உண்மைக்கும் உள்ள விகிதம் கிடைத்துவிடும். அந்த விகிதத்தைக் கருவியிலேயே பதியும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. விகிதம் பயணத்துக்குப் பயணம் தாறுமாறாக மாறினால் மட்டும் வேறு ஐயங்களுக்கு வாருங்கள்.

காமன் ரெயில் இன்ஜினில் இந்த மீட்டர்கள் பொதுவாகக் கிடையா. இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறந்தோம், அழுத்தம் என்ன என்பதிலிருந்து கணினியே கணக்கிட்டுச் சொல்லும் எண் அது. அளந்த எண் அல்ல என்றாலும், இன்ஜெக்டர்கள் நல்ல நிலையில் இருக்கும்வரை நம்பலாம்.

திரையால் வரும் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வலை இழுக்காமல் வெறுமனே ஓடும்போது, விசிறியைச் சுழற்றத் தேவையான சக்தி ஏறத்தாழச் சுற்றுவேகத்தின் கனத்துக்கு (அதே எண்ணை மூன்று முறை தன்னோடு பெருக்கினால் வருவதற்கு) ஏற்ப ஏறும். 1,800 சுற்றிலிருந்து 1,620க்கு, அதாவது பத்தில் ஒரு பங்கு குறைத்தால், சக்தித் தேவை நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. கரைக்குத் திரும்பும் வழியில் கொஞ்சம் பொறுத்து ஓட்டினால் என்ன மிச்சம் என்பதை ஓட்டுநரே கண்ணால் பார்க்கும்போது, முதலாளி கத்த வேண்டியதில்லை.

கேள்வி: ஆரப்பாளையத்தில் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்டியிலிருந்து வந்த ஒரு படகு இன்ஜினில் "எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4" என்று எரர் வருகிறது. ஆயில் பிரஷர் குறைவு என்று நினைத்து ஆயில் பம்பைப் பிரித்துப் பார்த்தேன், சென்சாரையும் மாற்றினேன். எரர் போகவில்லை. இன்ஜின் ஓசையில் குறை எதுவும் தெரியவில்லை.
— வாசகர், மதுரை

பதில்: உங்கள் காது சொன்னதுதான் சரி. எஸ்பிஎன் எனப்படும் முதல் எண் எதைப் பற்றிய செய்தி என்பதையும், எஃப்எம்ஐ எனப்படும் இரண்டாவது எண் என்ன வகைக் குறை என்பதையும் சொல்கின்றன. எஸ்பிஎன் 100 என்பது ஆயில் பிரஷர். 110 குளிர்நீர் வெப்பம். 168 பேட்டரி மின்னழுத்தம். ஆனால் பட்டறையில் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணைத்தான். எஃப்எம்ஐ 1 என்றால் அளவு உண்மையிலேயே ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கிறது. இன்ஜினை நிறுத்த வேண்டும். எஃப்எம்ஐ 0 என்றால் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கிறது. 3, 4, 5 ஆகிய மூன்றும் மின்சாரக் கோளாறுகள்: 3 என்றால் மின்னழுத்தம் மிகை, 4 என்றால் குறைவு அல்லது பூமியோடு ஷார்ட், 5 என்றால் வயர் அறுந்திருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பது 4. ஆயில் பம்பைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

இவ்வகைப் பிரஷர் சென்சார்களுக்குக் கணினியிலிருந்து 5 வோல்ட் வரும். அழுத்தத்துக்கு ஏற்ப அரை வோல்ட் முதல் நாலரை வோல்ட் வரை அவை திருப்பி அனுப்பும். கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, அந்த 5 வோல்ட் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். வராவிட்டால் வேறொரு சென்சார் ஷார்ட் ஆகியிருக்கலாம். ஒரே 5 வோல்ட்டைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்வதால், ஒன்று கெட்டால் சம்பந்தமில்லாத மற்றொன்றின் பெயரில் எரர் வரும். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. 5 வோல்ட் ஒழுங்காக வந்தால், கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே புதிதுபோல மினுங்கும் கனெக்டரின் உள்ளே, ஊசியின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதற்குப் பின்னால் வயரின் தோலை ஒரு விரற்கடை சீவிப்பார்த்தால் செம்புக் கம்பி கறுத்து, கிள்ளினால் பொடியாக உதிரும். உப்புக்காற்று கனெக்டரோடு நிற்பதில்லை, தோலுக்குள்ளேயே ஏறிப்போகும். கறுத்த பகுதியை முழுவதும் வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய கடல் வயரை இணைத்து, இணைத்த இடத்தைப் பசையுள்ள, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். சாதாரண வீட்டு வயரைப் போட்டு டேப் சுற்றினால் ஐப்பசி மழையோடு அது திரும்ப வந்துவிடும்.

எந்த எண்ணும் வராமல் திரை முழுவதும் கோடு கோடாக நின்றால், சென்சார்களை விட்டுவிட்டு, கணினியையும் திரையையும் இணைக்கும் இரட்டை வயரைப் பாருங்கள். அதன் இரு நுனிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். மின்சாரத்தை முழுவதும் அணைத்துவிட்டு அந்த இரண்டு வயர்களுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு நுனி விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: அரசு கொடுத்திருக்கும் டிரான்ஸ்பாண்டர் படகில் இருக்கும்போது, இன்ஜினுக்கெனத் தனிக் கண்காணிப்பு எதற்கு? இரண்டும் ஒன்றுதானே?
— வாசகர், மேலூர்

பதில்: அல்ல. டிரான்ஸ்பாண்டர், படகு எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லும். ஆபத்தில் உதவி கேட்கவும், புயல் எச்சரிக்கையைப் பெறவும் உதவும். இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் உருவான அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இன்ஜினின் சூடோ பிரஷரோ அதற்குத் தெரியாது. இன்ஜின் கெட்டு நின்ற பிறகு அது உங்களைக் காப்பாற்றும். கெடப்போகிறது என்பதை அது சொல்லாது. இலங்கை எல்லைக்கோட்டை ஒட்டித் தொழில் செய்யும் நம் பக்கத்துப் படகு, இன்ஜின் நின்று நீரோட்டத்தில் எந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பதை நினைத்தால், இரண்டும் தேவை என்பது விளங்கும்.

கேள்வி: தேவிபட்டினத்தில் என் தம்பி வெளியில் மாட்டும் சிறிய மோட்டார் வைத்து ஃபைபர் படகு ஓட்டுகிறான். அவனுக்கும் ஒரு திரை வாங்கிக் கொடுக்கலாமா?
— வாசகர், மானாமதுரை

பதில்: வேண்டாம். ஓடும்போது மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து பென்சில் கனத்தில் ஒரு நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்விக்கும் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தாரை மெலிந்தாலோ நின்றாலோ மோட்டாரை அணைத்துவிட்டு, நீர் இழுக்கும் துளையில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். திரைக்கு ஒதுக்கிய பணத்தில் ஓர் உதிரி இம்பெல்லரும், ஒரு லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: தடைக்காலத்தில் மண்டபம் பக்கம் இரும்புப் படகுகளில் வெல்டிங் வேலைக்குப் போவது வழக்கம். சென்ற முறை ஒரு படகில் வெல்டிங் முடித்ததும் இன்ஜின் திரை உயிர்பெறவே இல்லை. பழி என்மேல் விழுந்தது. வெல்டிங்கால் அப்படி ஆகுமா?
— வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: ஆகும். வெல்டிங் மின்சாரம் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும். பூமி முனையைத் தொலைவில் கவ்விவிட்டால், அது இன்ஜினின் உடல் வழியாகவும் கணினியின் பூமி வயர் வழியாகவும் போகக்கூடும். திரையும் கணினியும் தாங்காது; பேரிங்குகளிலும் புள்ளி விழும். இதைச் சொல்ல வேண்டியது படகுக்காரரின் பொறுப்பு என்றாலும், சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வேலையைத் தொடங்குமுன் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையை முதலிலும் நேர்முனையைப் பிறகும் கழற்ற வேண்டும். அதன்பின் இன்ஜின் கணினியிலும் திரையிலும் உள்ள கனெக்டர்களை உருவி, உப்புநீர் படாமல் பிளாஸ்டிக் பையால் கட்டிவிடுங்கள். பூமி முனையை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில், துருவைச் சுரண்டிய அதே தகட்டில் கவ்வுங்கள். இன்ஜினிலோ விசிறித்தண்டிலோ ஒருபோதும் கவ்வாதீர்கள்.

முடித்ததும் கனெக்டர்களை மாட்டி, நேர்முனையை முதலிலும் எதிர்முனையைக் கடைசியிலும் இணைத்து, இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டுப் படகுக்காரரையும் கூட வைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள். ஆயில் பிரஷர் சுழியத்திலும், ஆறிய இன்ஜினின் வெப்பங்கள் அனைத்தும் அன்றைய காற்றின் வெப்பத்தை ஒட்டியும் நிற்க வேண்டும். இதே சோதனையை வேலை தொடங்குமுன்பும் ஒருமுறை செய்து, திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டால், முன்பே இருந்த கோளாறு உங்கள் கணக்கில் ஏறாது.